யார் செய்தது, யார் சொல்வது

(கோவில்பட்டியில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தடயவியல் துப்பறியும் தொடர்கதைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கரிசல் இலக்கியம் பேசிப் பழகிய மேடையில் க்ரைம் நாவலா என்று சிலர் முகம் சுளித்ததாகவும் கேள்விப்பட்டேன். சுளிக்கட்டும். பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய பாக்கெட் நாவலைத் திருநெல்வேலி போய்ச் சேர்வதற்குள் படித்து முடித்த தலைமுறை இங்கே பாதிக்கு மேல் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்வதில் என்ன கூச்சம்?

தமிழில் தொடர் நாயகர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. தேவனின் சாம்பு அசட்டுத்தனத்தாலேயே ஜெயித்தான். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே குற்றவாளியைப் பிடித்தார். 1968-இல் குமுதத்தில் ‘நைலான் கயிறு’ வந்தபோது சுஜாதா கணேஷை அறிமுகம் செய்தார். வசந்த் பிறகு வந்து சேர்ந்துகொண்டான். பட்டுக்கோட்டை பிரபாகருக்கு பரத், சுசீலா. சுபாவுக்கு நரேன், வைஜயந்தி. ராஜேஷ்குமாருக்கு விவேக், ரூபலா. ராஜேஷ்குமாரின் கணக்கு 1500 நாவல்களைத் தாண்டிவிட்டது. உலகத்தில் வேறு யாராவது இப்படி எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்க்கிற வேலையைக் கின்னஸ்காரர்களிடம் விட்டுவிடுவோம்.

இந்த வரிசையில் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். வக்கீல், போலீஸ் அதிகாரி, தனியார் துப்பறிவாளர். டாக்டர் எங்கே? டாக்டர் டெலிபோனின் அந்தப் பக்கம் இருப்பார். “சார், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வந்திடுச்சு. மரணம் ராத்திரி பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில. வயித்துல விஷம்.” அவ்வளவுதான், லைனை வைத்துவிடுவார். அடுத்த அத்தியாயத்தில் அவர் பெயர்கூட நமக்கு நினைவிருக்காது. ஃபாரன்சிக் என்ற சொல்லை டீக்கடை வரைக்கும் கொண்டுவந்ததில் ராஜேஷ்குமாருக்குப் பெரிய பங்கு உண்டு. அதை மறுக்க மாட்டேன். ஆனால் போஸ்ட்மார்ட்டம் மேசைக்குப் பக்கத்தில் நம்மை நிற்கவைத்த தொடர் ஒன்று தமிழில் எனக்குத் தென்படவில்லை.

அமெரிக்காவில் பாட்ரிசியா கார்ன்வெல் அதைத்தான் செய்தார். வர்ஜீனியா மாநிலத் தலைமை மருத்துவ ஆய்வாளர் அலுவலகத்தில் 1980-களில் கணினிப் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். அங்கே பார்த்ததையும் கேட்டதையும் வைத்து 1990-இல் ‘போஸ்ட்மார்ட்டம்’ நாவலை எழுதினார். நாயகி டாக்டர் கே ஸ்கார்பெட்டா. பிணத்தை அறுத்துப் பார்க்கிறவர்தான் கதையைச் சொல்கிறவரும். டிஎன்ஏ பரிசோதனை நீதிமன்றங்களுக்குள் மெல்லக் காலெடுத்து வைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த நாவலில் லேசர் வெளிச்சத்தில் இறந்தவர்களின் தோலில் ஏதோ மினுங்குகிறது. கடைசியில் பார்த்தால் கை கழுவுகிற சோப்பின் மிச்சம். இவ்வளவு அற்பமான ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு ஒரு நாவல் முழுவதும் நகர்கிறது. எனக்கு அந்தத் தொடரில் பிடித்தது அந்த அற்பம்தான்.

பிறகு என்ன ஆயிற்று? தொடர் நீண்டது. 2021-இல் வந்த 25-ஆவது புத்தகமான ‘அட்டாப்சி’யில் ஸ்கார்பெட்டா அம்மாவை விண்வெளி ஆய்வுக்கூடத்தில் நடந்த சாவுகளை விசாரிக்க வைத்துவிட்டார்கள். 2024-இல் வந்த ‘ஐடென்டிடி அன்நோன்’ நாவலில் வானத்தில் அடையாளம் தெரியாத பறக்கும் பொருள். 2025-இல் ‘ஷார்ப் ஃபோர்ஸ்’ வந்து எண்ணிக்கை 29 ஆகியிருக்கிறது. ஒரு தொடர் நெடுநாள் ஓடினால் இதுதான் கதி. ஒவ்வொரு தவணையிலும் கருவி பெரிதாகும், எதிரி பெரிதாவான், சோப்பு மிச்சம் காணாமல் போகும். நம் தொலைக்காட்சித் தொடர்களில் மாமியார் செய்கிற சதி வருஷா வருஷம் பெரிதாகிக்கொண்டே போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நம் கதைகளில் டாக்டர் ஏன் டெலிபோனிலேயே நின்றுவிட்டார்? எழுத்தாளர்களுக்கு மார்ச்சுவரி பழக்கமில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். அது மட்டும் காரணமில்லை. நம்மூர் ஜி.எச். மார்ச்சுவரி எங்கே இருக்கும்? ஆஸ்பத்திரிக்குப் பின்புறம், வேப்பமரத்தடியில், யாரும் அந்தப் பக்கம் போகாத மூலையில். பல இடங்களில் கத்தியைப் பிடிப்பது டாக்டர் இல்லை, அங்குள்ள ஊழியர். டாக்டர் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்வார், எழுதுவார், கையெழுத்துப் போடுவார். அந்த ஊழியர் எந்தத் தெருவிலிருந்து வருகிறவர் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவரை வைத்து யார் தொடர்கதை எழுதியிருக்கிறார்கள்?

அங்கே நடக்கிற வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். விஷச் சாவு என்று சந்தேகம். நம் பக்கம் பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்தாக இருக்கலாம், அரளிக்கொட்டையாக இருக்கலாம். இரைப்பையும் அதில் இருந்ததும் குடலின் ஒரு பகுதியும் ஒரு ஜாடியில் போகும். கல்லீரலில் ஒரு துண்டும் சிறுநீரகங்களில் பாதிப்பாதியும் இன்னொரு ஜாடியில். கெட்டுப்போகாமல் இருக்க ஊற்றுவது என்ன தெரியுமா? உப்புத் தண்ணீர். இனிமேல் கரையாது என்கிற அளவுக்கு உப்புப் போட்ட தண்ணீர். கை மறதியாக ஃபார்மலினை ஊற்றிவிட்டால் பல விஷங்களைப் பிறகு கண்டுபிடிப்பதே கஷ்டம். இதோடு இன்னொரு ஜாடியும் போகும். அதில் உறுப்பு எதுவும் இருக்காது, வெறும் உப்புத் தண்ணீர் மட்டும். “விஷம் உடம்பில் இல்லை, நீங்கள் ஊற்றிய உப்பில்தான் இருந்தது” என்று நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து கேட்பார் அல்லவா? அவருக்கான பதில் அந்த ஜாடி.

மூடிகளைக் கட்டி, அரக்கு உருக்கி, முத்திரை வைத்து, முத்திரை மாதிரியைத் தனியாக ஒரு தாளில் வைத்து, நீதிமன்றக் கடிதத்தோடு ஒரு காவலர் கையில் கொடுத்தனுப்புவார்கள். அவர் அதைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில்கூடப் போகலாம், யார் கண்டது? போய்ச் சேருகிற இடத்தில் முத்திரை சரியாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அரக்கு உடைந்திருந்தால் உள்ளே எவ்வளவு பெரிய உண்மை இருந்தாலும் அதன் கதை கந்தல். கார்ன்வெல்லின் விண்வெளிக் கப்பலை விட எனக்கு இந்த அரக்குதான் பயங்கரமான த்ரில்லர்.

இந்த வேலைக்கு நம்மிடம் மரபு இல்லையென்று நினைக்க வேண்டாம். இந்தியாவிலேயே முதல் ரசாயனப் பரிசோதகர் கூடம் 1849-இல் சென்னையில்தான் தொடங்கியது. விஷம் கண்டுபிடிப்பதுதான் அதன் முக்கிய வேலை. 1952 ஆகஸ்டில் ராமேசுவரம் பக்கம் போன போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி நாற்றமெடுத்தது. மானாமதுரையில் திறந்தால் தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரை மணலில் கிடைத்தது. இரண்டும் ஒருவருடையதுதானா? சென்னை மருத்துவக் கல்லூரியின் சட்ட மருத்துவப் பேராசிரியர் சி. பி. கோபாலகிருஷ்ணன் பல்லைப் பார்த்தார், காது குத்திய துளைகளைப் பார்த்தார். கைரேகையை ராணுவப் பதிவோடு ஒப்பிட்டார்கள். கொலையுண்டவர் ஆளவந்தார் என்கிற பேனா வியாபாரி என்று வெளியே வந்தது. பத்திரிகைகள் அந்த வழக்கைக் காதலும் வஞ்சமுமாகத்தான் விற்றன. இன்றைக்கும் நமக்கு ஆளவந்தார் பெயர் தெரியும், அந்த வழக்கில் சிக்கிய தேவகி பெயர் தெரியும். காதுத் துளையைப் பார்த்தவரின் பெயர் தெரியாது.

1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர், ராஜீவ் காந்தி கொலை. தமிழ்நாடு தடயவியல் துறையின் இயக்குநராக இருந்தவர் பி. சந்திரசேகரன். சிதறிக் கிடந்த உடல் பாகங்களையும் துணிக் கிழிசல்களையும் சேர்த்துப் பார்த்து, குண்டு ஒரு பெண்ணின் இடுப்பில் கட்டப்பட்டிருந்தது என்ற முடிவுக்கு வந்தார். இவர்களை வைத்து நாற்பது தவணை எழுதலாம். நாம் எழுதவில்லை.

சரி, கரிசலுக்கு வருவோம். நான் சொல்ல வந்ததே இங்கேதான் தொடங்குகிறது.

பிரான்சில் லியோன் நகரத்தில் 1910-இல் எட்மண்ட் லொகார்ட் ஒரு குற்றவியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார். இரண்டு பொருள் ஒன்றையொன்று தொட்டால் ஒன்றின் துணுக்கு மற்றதில் ஒட்டாமல் போகாது என்பது அவர் கொள்கை. உலகம் முழுக்கத் தடயவியல் பாடத்தின் முதல் பக்கத்தில் அது இருக்கிறது. அவர் ஐப்பசி மழையில் விளாத்திகுளம் பக்கம் ஒரு புஞ்சைக்குள் இறங்கியிருந்தால் ஆய்வுக்கூடம் கட்டாமலேயே அந்த முடிவுக்கு வந்திருப்பார். நாலு எட்டு வைப்பதற்குள் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு முளைத்துவிடும் மண் இது. கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஈரத்தில் காலடியை அச்சு மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும். கோடையில் அதே மண் வெடித்துப் பிளந்து, கத்தியைப் போட்டாலும் மூக்குத்தியைப் போட்டாலும் விழுங்கிவிடும். களவுபோன மாட்டின் தடம் பிடித்துப் போய், துப்புக்கூலி பேசி மீட்டுக்கொண்டு வந்த பழைய காவல்காரர்களுக்கு இந்த மண்ணின் சங்கதி எல்லாம் அத்துபடி.

அப்படியிருந்தும் கரிசல் எழுத்தாளர்கள் ஏன் துப்பறியும் கதை எழுதவில்லை? கொலை அவர்கள் எழுத்தில் நிறையவே இருக்கிறது. பூமணியின் ‘வெக்கை’ 1982-இல் வந்தது. பின்னால் ‘அசுரன்’ படமானது உங்களுக்குத் தெரியும். கொலை செய்தது யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது, ஒரு சிறுவன். அப்புறம் நாவல் முழுக்க அப்பனும் மகனும் காட்டுக்குள் ஒளிந்து திரிகிறார்கள். சோறு எப்படிக் கிடைக்கும், தண்ணீர் எங்கே, வக்கீல் என்ன சொல்வார் என்பதுதான் கதை. கி.ரா.வின் ‘கோபல்ல கிராம’த்தில் தண்ணீர் குடிக்க வந்த கர்ப்பிணியை நகைக்காகக் கொல்கிறான் ஒருவன். அவள் அவன் கால் கட்டைவிரலைப் பல்லால் கவ்விக்கொள்கிறாள், உயிர் போன பிறகும் விடவில்லை. ஸ்கார்பெட்டா அம்மாவுக்கு அங்கே வேலையே இல்லை.

ஏனென்றால் நம் ஊர்களில் “யார் செய்தது?” என்பது பெரும்பாலும் புதிரே இல்லை. ராத்திரி நடந்தது விடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கம்மாய்க்கரையில் பேசுவார்கள், தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டிக்கொண்டே பேசுவார்கள். புதிர் வேறு. யார் சொல்வது? எந்தச் சாதிக்காரன் சொல்வது, சொல்லிவிட்டு அதே ஊரில் எப்படிக் குடியிருப்பது? மகஜரில் கையெழுத்துப் போட்டவர் கூண்டில் ஏறி, “வெற்றுத்தாளில்தான் போட்டேன் சாமி” என்று பிறழ்வது எந்தச் செஷன்ஸ் கோர்ட்டிலும் வாரம் தவறாமல் பார்க்கிற காட்சி. லண்டன் பனிமூட்டத்தில் வளர்ந்த துப்பறியும் கதை ஒருவரை ஒருவர் அறியாத பெருநகரத்துக்கான கதை. எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த ஊரில் அது அப்படியே வேர்விடாது.

பக்கத்தில் மணியாச்சி. 1911 ஜூன் 17 அன்று ரயில் பெட்டிக்குள் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்டவர் வாஞ்சி, அந்த ஸ்டேஷனிலேயே தன்னையும் சுட்டுக்கொண்டார். கையில் பிரௌனிங் கைத்துப்பாக்கி, சட்டைப்பையில் கடிதம். “யார்” என்பதில் ஐயமே இல்லை. பின்னால் இருந்தவர்கள் யார் என்பதுதான் வழக்கு. அது எப்படி நிரூபணமாயிற்று? முக்கியமாக, அப்ரூவராக மாறியவர்கள் வாயைத் திறந்ததால். துப்பாக்கி பேசியதைவிட மனிதர்கள் பேசியதுதான் அதிகம்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்கும்போது இந்த ஊர்க்காரர்கள் சிலருக்கு நெஞ்சு கனக்கும். தெரிந்தே சொல்கிறேன்.

2020 ஜூன் 19 இரவு சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஊரடங்கு நேரத்தில் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொன்ன வழக்கு. மறுநாள் ரிமாண்ட் ஆகி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தாண்டி, நம் கோவில்பட்டி கிளைச்சிறைக்கு வந்தார்கள். 22-ஆம் தேதி இரவு மகன், 23-ஆம் தேதி அதிகாலை தந்தை. இருவரும் இறந்தது நம் அரசு ஆஸ்பத்திரியில். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் மூன்று டாக்டர்கள் சேர்ந்து பிரேதப் பரிசோதனை செய்தார்கள். வீடியோ எடுக்கப்பட்டது.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதிகள் பி. என். பிரகாஷும் பி. புகழேந்தியும் தாமாக முன்வந்து வழக்கை எடுத்தார்கள். கோவில்பட்டி நீதித்துறை நடுவர் எம். எஸ். பாரதிதாசன் விசாரிக்கப் போனார். அவர் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையை நாவலாசிரியர் யாராவது படித்திருந்தால் அந்த வாரமே தன் பேனாவை மாற்றியிருப்பார். காவல் நிலையக் கேமரா வேலை செய்துகொண்டுதான் இருந்தது. பதிவு செய்கிற வட்டில் ஒரு டெராபைட் இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாகவே அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள். லத்திகளை ஒப்படைக்கச் சொன்னால் காதில் விழாதது போல் நின்றார்கள். லத்தியைக் கேட்டபோது ஒருவர் சுவரேறிக் குதித்து ஓடினார் என்று அறிக்கை சொல்கிறது. நடுவர் ஒருவர் முன்னாலேயே இது நடந்தது.

அந்த நிலையத்தில் ஒரு பெண் தலைமைக் காவலர் இருந்தார். விடிய விடிய அடித்தார்கள், மேசையிலும் லத்தியிலும் ரத்தக்கறை இருக்கிறது என்று அவர் சொன்னார். சொன்னதில் கையெழுத்துப் போட அஞ்சினார், பாதுகாப்பு உறுதியான பிறகு போட்டார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கறைகள் எத்தனை நாள் இருந்திருக்கும்? தண்ணீரும் பினாயிலும் எந்தக் காவல் நிலையத்திலும் உண்டு. தடயம் அழிந்துவிடக்கூடும் என்ற அச்சத்தில்தான் சி.பி.ஐ. வரும்வரை காத்திராமல் சி.பி.சி.ஐ.டி. உடனே இறங்க வேண்டும் என்றது நீதிமன்றம். காவல் நிலையத்தையே வருவாய்த் துறை அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார்கள். வருவாய்த் துறைக்காரர்கள் காவல் நிலையத்தைக் காவல் காத்த நாட்கள் அவை. பிறகு சி.பி.ஐ. எடுத்துக்கொண்டு செப்டம்பரில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. நிலையத்துச் சுவரிலும் லத்தியிலும் கிடைத்த ரத்தத்தின் டிஎன்ஏ அந்த இருவருடையதோடு பொருந்தியது என்று அது சொன்னது.

அந்த வரிசையை ஒருமுறை நிதானமாக நினைத்துப் பாருங்கள். டிஎன்ஏ கடைசியில் வந்தது. அதற்கு முன்னால் ஒரு பெண் பேசினார். அவர் பேசுவதற்கு முன்னால் ஒரு நடுவர் இடத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தார். அதற்கும் முன்னால் இரண்டு நீதிபதிகள் யாரும் மனுப் போடுவதற்காகக் காத்திருக்கவில்லை. பக்கத்துக் கடைகளின் கேமராக்களில் இருந்த காட்சிகள் எஃப்.ஐ.ஆர். சொன்னதோடு முரண்பட்டன, அதையும் யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். ரத்தத்தை மிரட்ட முடியாது, விலைக்கு வாங்க முடியாது, சாதி சொல்லி அடக்க முடியாது. அதனால்தான் நம் மாதிரி ஊர்களுக்குத் தடயவியல் மற்ற எந்த ஊரையும் விட அதிகமாகத் தேவைப்படுகிறது. ஆனால் ரத்தம் தானாக நடந்து ஆய்வுக்கூடத்துக்குப் போகாது. நம் த்ரில்லர்கள் அந்த நடையை எழுதவே இல்லை. டெலிபோன் மணி அடிக்கும், ரிப்போர்ட் வந்துவிடும்.

இதில் ராஜேஷ்குமாரையோ சுஜாதாவையோ குற்றம் சொல்ல மாட்டேன். மாதம் ஒரு நாவல் முடிக்க வேண்டிய கட்டாயத்தில் டெலிபோனை விட நல்ல உத்தி கிடையாது. இன்றைக்கு ஓடிடி தளத்தில் எட்டு எபிசோடு கையில் வைத்துக்கொண்டு, கோடிக்கணக்கில் செலவழித்து, அப்போதும் நீல வெளிச்சத்தில் ஒரு லேப் அசிஸ்டெண்ட் கம்ப்யூட்டரைத் தட்டி “மேட்ச் ஆயிடுச்சு சார்” என்று சொல்வதைப் பார்க்கும்போதுதான் எரிச்சல் வருகிறது.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்திருக்கிறது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வந்து தடயம் சேகரிக்க வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது அது. நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து வருஷம் வரை அவகாசம். நல்ல சட்டம்தான். ஆளும் வண்டியும் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

எனக்கு ஒரு தொடர் கண்ணில் தெரிகிறது. திருநெல்வேலி வட்டாரத் தடயவியல் ஆய்வகத்திலிருந்து ஒரு இளம் பெண் அதிகாரி வருகிறாள். புதூர்ப் பக்கம், ஐப்பசி. தார் ரோட்டோடு ஜீப் நின்றுவிடுகிறது, மேற்கொண்டு நடைதான். வேலிக்கருவேலுக்கு அந்தப் பக்கம் ஊரே கூடி நிற்கிறது. அத்தனை பேருக்கும் தெரியும். “எங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா, நாங்க காட்டுல இருந்தோம்” என்கிறார் தலையாரி. அவள் பெட்டியைத் திறக்கிறாள். உள்ளே பஞ்சு, உறை, அரக்கு, கொஞ்சம் உப்பு. முதல் தவணையில் அவள் கொலைகாரனைக் கண்டுபிடிக்கக் கூடாது. அந்த உறையைச் சாயங்காலத்துக்குள் முத்திரை கெடாமல் கோர்ட்டில் சேர்த்தால் போதும், நான் மூச்சுவிடாமல் படிப்பேன். சோ. தர்மனும் கோணங்கியும் எழுதிய மண்ணில் இதை எழுத ஆள் இல்லாமலா போய்விடும்? பின்வரிசையில் இருக்கிற கல்லூரிப் பிள்ளைகள் யாராவது எழுதுங்கள். ஓசிப் பிரதி வேண்டாம், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.